புதுக் கணினியில் விண்டோஸ் ஏறாத அந்த ராத்திரி: உங்கள் அனுபவம்?

மதுரைக்காரன்
புது போர்டு, புது பிராசசர், 8 ஜிபி ரேம் இரண்டு. பென்ட்ரைவ் மட்டும் பக்கத்து வீட்டு அண்ணனிடம் வாங்கியது. கோப்புகள் ஏறும்போது 62 சதவீதத்தில் நின்றது. 8007025டி என்று முடியும் ஒரு எண், தேவையான கோப்புகளை நிறுவ முடியவில்லை என்று ஒரு செய்தி. இரண்டாம் முறை 47. மூன்றாம் முறை 81 வரை போய் ஆசை காட்டிவிட்டு விழுந்தது. கடைக்கு போன் போட்டால் “பென்ட்ரைவ் போயிருக்கும் சார்” என்றார்கள். நானும் ராத்திரி 11 மணிக்கு அண்ணன் வீட்டுக் கதவைத் தட்டி, “உங்க பென்ட்ரைவ் டுபாக்கூர்ண்ணே” என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர் லுங்கியை மடித்துக் கட்டியபடி, “முந்தாநேத்துகூட அதுலதான்டா படம் பார்த்தேன்” என்றார்.

ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் நிற்கிறதே என்பது ஒரு மணிக்குத்தான் உறைத்தது. ரேமாக இருக்குமோ என்று ஒன்றைக் கழற்றினேன். அதே பென்ட்ரைவ், பத்தே நிமிடம், முடிந்தது. அண்ணனிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை.

நெல்லை மணி
எனக்கு எர்ரரே வரவில்லை, அதுதான் கொடுமை. எங்கே நிறுவ வேண்டும் என்று கேட்கிற திரையில் டிஸ்க் பட்டியல் காலி. பயாஸில் (போர்டின் சொந்த செட்டிங் திரை) எஸ்எஸ்டி தெரிகிறது, விண்டோஸில் தெரியவில்லை. மூன்று முறை கழற்றி மாட்டினேன். மூன்றாவது தடவை அந்த எள்ளு சைஸ் திருகு கையை விட்டு நழுவியது. நானும் மகளும் செல்போன் டார்ச்சோடு தரையில் தவழ்ந்து தேடினோம். கடைசியில் அவள் பாவாடை மடிப்பில் இருந்தது. எஸ்எஸ்டியைக் கடைக்கு எடுத்துப்போனால் அவர்கள் கணினியில் சமர்த்தாக ஓடுகிறது! அந்தப் பையன் பார்த்த பார்வை இருக்கிறதே. இன்டெல் போர்டு, எஸ்எஸ்டியைக் கையாளும் விஎம்டி என்ற வசதி ஆனில் இருந்திருக்கிறது. அதற்கான டிரைவர் என் பென்ட்ரைவில் இல்லை. பயாஸில் அதை ஆஃப் செய்ததும் டிஸ்க் வந்துவிட்டது.

பழைய டெக்னீஷியன்
மதுரைத் தம்பி, ரேம் மேல் பழி போடுவது சுலபம். ரேமை அதிக வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி செட்டிங்கை ஆன் செய்திருப்பீர்கள். விண்டோஸ் ஏறும்வரை அதைத் தொடவே கூடாது. நான்கு ஸ்லாட் போர்டில் இரண்டு ரேம் என்றால் பெரும்பாலும் பிராசசரிலிருந்து எண்ணி 2, 4ல் போட வேண்டும். ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்டை நான்கு சுற்று ஓட்டாமல் ரேம் போச்சு என்று சொல்லாதீர்கள். பென்ட்ரைவ் எஃப்ஏடி32 ஃபார்மேட்டில் இருந்தால் 4 ஜிபி கோப்பை ஏற்காது; விண்டோஸின் இன்ஸ்டால் கோப்பு பல சமயம் அதைத் தாண்டிவிடும், ரூஃபஸ் மென்பொருளை வைத்துப் போடுங்கள். விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி ஆனில் இருக்க வேண்டும்; பயாஸில் ஏஎம்டி என்றால் எஃப்டிபிஎம், இன்டெல் என்றால் பிடிடி என்று தேடுங்கள். முதல் ரீஸ்டார்ட்டில் பென்ட்ரைவை உருவுங்கள், இல்லாவிட்டால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். மற்ற டிஸ்க்குகளின் கேபிளைக் கழற்றிவிட்டே உட்காருங்கள்.

கடைசியில் சொன்னது ஏன் என்றால், ஒரு முறை எம்பிஆர் என்ற பழைய முறையில் பிரித்த டிஸ்க்கில் ஏற மாட்டேன் என்றது விண்டோஸ். ஷிஃப்ட், எஃப்10 அடித்து, டிஸ்க்பார்ட்டில் டிஸ்க்கை மொத்தமாகக் காலி செய்யும் ‘கிளீன்’ கட்டளையைக் கொடுத்தேன். டிஸ்க் 0 என்று நினைத்தது டிஸ்க் 1. தங்கை கல்யாண போட்டோ எல்லாம் அதில். புரிந்தபோது விண்டோஸ் பாதி ஏறியிருந்தது.

மதுரைக்காரன்
எக்ஸ்எம்பியைத் தொடவே இல்லை ஐயா, ரேம் 2133 வேகத்திலேயே ஓடியது. கழற்றிய ரேமை, நல்ல ரேம் ஓடிய அதே ஸ்லாட்டில் தனியாகப் போட்டும் பார்த்தேன், 30ஐக்கூடத் தாண்டவில்லை. மெம்டெஸ்ட்டில் சிவப்பு வரிகள் கொட்டின. கடையில் மாற்றியும் கொடுத்துவிட்டார்கள். நான் என்ன நேற்றா பிறந்தேன்?

தோசைப்பிரியன்
நான் முதலில் விண்டோஸ் வரை போகவே இல்லை. ரைசன் 7600, டிடிஆர்5. ஆன் செய்தால் கறுப்புத் திரை, போர்டில் ரேமைக் குறிக்கும் டிராம் விளக்கு மட்டும் எரிகிறது. பயந்து அணைத்தேன். இப்படி நான்கு முறை. ஐந்தாம் முறை அம்மா சாப்பிடக் கூப்பிட்டார், அணைக்க மறந்துவிட்டேன். இரண்டு தோசை முடித்து வந்தால் பயாஸ் திரை சிரிக்கிறது. முதல் தடவை ரேமைப் பழக்கிக்கொள்ள இந்த போர்டுகளுக்குச் சில நிமிடங்கள் ஆகுமாம். அப்புறம் விண்டோஸ் இன்டர்நெட் இல்லாமல் நகர மாட்டேன் என்றது, வைஃபைக்கு டிரைவர் இல்லை. போனை யுஎஸ்பியில் செருகி அதன் இன்டர்நெட்டை டெதரிங்கில் கொடுத்தேன்.

டெக்னீஷியன் சார், அந்த போட்டோ திரும்பக் கிடைத்ததா?

பழைய டெக்னீஷியன்
விண்டோஸ் ஏறிய இடம் போக மிச்சம் கிடைத்தது. முகூர்த்தம் இருக்கிறது, ரிசப்ஷன் இல்லை.