4 கப் மாம்பழக் கூழுக்கு எத்தனை கிலோ பழம்?

குடியாத்தம்காரி:
அமெரிக்காவிலிருந்து அண்ணி மாம்பழ ஜாம் செய்முறை அனுப்பியிருக்கிறார். 4 கப் கூழ், 3 கப் சர்க்கரை, 2 எலுமிச்சை. நம்மூரில் பழத்தைக் கிலோ கணக்கில்தானே போடுவார்கள்? எவ்வளவு வாங்கட்டும்? வீட்டில் இருப்பது 250 மில்லி கப். ஞாயிற்றுக்கிழமை வேலூர் நேதாஜி மார்க்கெட் போகிறேன், அதற்குள் யாராவது சொல்லுங்கள்.

காட்பாடி அக்கா:
தங்கச்சி, அமெரிக்க கப் 237 மில்லி, உன் கப்பைவிடக் கொஞ்சம் சின்னது. கூழ் தண்ணீரைவிடச் சற்றே கனம். அதனால் 4 கப் என்பது ஏறக்குறைய ஒரு கிலோ கூழ் என்று வைத்துக்கொள்.

அது தோலும் கொட்டையும் போன பிறகு உள்ள எடை. நல்ல சதைப்பற்றான பங்கனப்பள்ளி என்றால் கிலோவுக்கு 600, 700 கிராம் தேறும். நார்ப்பழம் என்றால் பாதிதான். ஒன்றே முக்கால் கிலோ வாங்கம்மா, குறையாது. சர்க்கரை கப்புக்கு 200 கிராம், மொத்தம் 600.

ஜாமுக்கு நான் எப்போதும் தராசுதான் வைப்பேன். கூழுக்குச் சர்க்கரை எவ்வளவு என்ற கணக்கில்தான் ஜாம் இறுகுவதும் கெடாமல் இருப்பதும். கப்பில் அளந்தால் ஒவ்வொரு முறையும் ஒரு கரண்டி கூழ் உள்ளே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். அடிகனமான பாத்திரத்தையே தராசில் வைத்து, பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவந்து, அதிலேயே கொட்டைச் சதையை வழித்துப் போடு. கழுவ வேண்டிய பாத்திரமும் ஒன்று குறையும்.

சத்துவாச்சாரி:
தராசு இல்லாதவர்களுக்கு ஒரு வழி. ஆவின் அரை லிட்டர் பாக்கெட் பாலை வீட்டு டம்ளரில் ஊற்றிப் பாருங்கள். இரண்டு டம்ளர் சரியாக நிறைந்தால் டம்ளர் 250 மில்லி, மூன்று நிறைந்தால் சுமார் 167. கூழ், சாறு எல்லாவற்றையும் அந்த டம்ளரிலேயே அளக்கலாம்.

ஆற்காடு சமையல்:
துண்டுக்கு அந்தக் கணக்கு ஆகாது. நடுவில் காற்று நிற்கும். ஒரு அமெரிக்க கப் மாம்பழத் துண்டு 165 கிராம்தான். வாழைப்பழமும் அப்படியே: வில்லையாக நறுக்கினால் 150, மசித்தால் 225. செய்முறையில் நறுக்கியதா மசித்ததா என்று சொல்லாமல் வெறும் கப் என்று மட்டும் போட்டிருந்தால் அதை நம்பவே கூடாது. ஜவ்வாது மலை சீத்தாப்பழம் வாங்கினாலும் இதை நினைவில் வையுங்கள். தோலும் விதையும் போனால் பாதி எடைகூட மிஞ்சுவது சந்தேகம்.

குடியாத்தம்காரி:
ரொம்ப நன்றி அக்கா, எல்லோருக்கும் நன்றி. 2 கிலோவாகவே வாங்குகிறேன், மிஞ்சினால் பிள்ளைகள் இருக்கிறார்கள். எலுமிச்சை 2 போதும்தானே?

காட்பாடி அக்கா:
போதாதும்மா. அவர்கள் ஊர் எலுமிச்சை பெரியது, ஒன்றிலேயே 2, 3 மேசைக்கரண்டி சாறு வரும். நம்முடையதில் ஒன்று, மிஞ்சினால் ஒன்றரை. பழத்தை எண்ணாமல் சாற்றை அளந்து 5 மேசைக்கரண்டி ஊற்று. தோல் மெல்லியதாகப் பார்த்து 5 பழம் வாங்கிக்கொள்.