பாய்லரிலிருந்து தண்ணீர் ஒழுகினால் என்ன செய்வது? பிரிட்டனுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

கேள்வி: வணக்கம் அண்ணா. கோவையிலிருந்து வந்து ஈஸ்ட் ஹாமில் வாடகை வீட்டில் இருக்கிறோம். சமையலறையில் இருக்கும் பாய்லருக்கு (ஹீட்டிங்குக்கும் சுடுதண்ணீருக்குமான கருவி) அடியில் தண்ணீர் சொட்டுகிறது. தினமும் பிரஷர் இறங்கி ஹீட்டிங் நின்றுவிடுகிறது. அடியில் இருக்கும் குழாயைத் திறந்து ஏற்றிவிட்டால் மறுபடி ஓடுகிறது. கேஸ் பாய்லர் என்பதால் வீட்டில் பயப்படுகிறார்கள். ஓனரிடம் சொன்னால் செலவை எங்கள் தலையில் கட்டிவிடுவாரோ என்றும் யோசனை.

பதில்: தம்பி, தண்ணீர் ஒழுகுவது வேறு, கேஸ் கசிவது வேறு. கேஸ் வாடை வந்தால் மட்டும் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காதீர்கள். ஜன்னல்களைத் திறந்துவிட்டு, எந்த ஸ்விட்சையும் தொடாமல், கேஸ் மீட்டர் பக்கத்தில் இருக்கும் வால்வை மூடி, எல்லோரும் வெளியே வந்து 0800 111 999 என்ற கேஸ் அவசர எண்ணைக் கூப்பிடுங்கள். இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் அடித்தாலும் இதே எண்தான்.

வெறும் தண்ணீர் என்றால், பாய்லருக்கான தனி ஸ்விட்சை அணையுங்கள். அந்த ஸ்விட்சிலேயே தண்ணீர் பட்டிருந்தால் அதைத் தொடாமல் ஃபியூஸ் பாக்ஸில் அணைப்பது நல்லது. கொட்டுகிற அளவுக்கு வந்தால் ஸ்டாப்காக்கை (வீட்டுக்குள் வரும் தண்ணீரை நிறுத்தும் வால்வு) வலப்பக்கமாகத் திருகி மூடுங்கள். பெரும்பாலும் சமையலறை சிங்க்குக்கு அடியில்தான் இருக்கும். மூடிய பிறகும் கொஞ்ச நேரம் ஒழுகும். ரேடியேட்டர்களில் ஏற்கெனவே நிரம்பியிருக்கும் தண்ணீர் அது, அடியில் வைத்த வாளியை எடுத்துவிடாதீர்கள்.

இப்போது நீங்கள் சொன்ன பிரஷர் விஷயம். எனக்கு அதுதான் கவலை. பாய்லர் ஆறியிருக்கும்போது கேஜில் (பிரஷர் காட்டும் மீட்டர்) முள் 1 பாருக்கும் 1.5 பாருக்கும் நடுவில் நிற்க வேண்டும்; பார் என்பது பிரஷரை அளக்கும் அலகு. ஹீட்டிங் ஓடும்போது 2 பக்கம் போகும், அது சாதாரணம். 3 பாரை நெருங்கினால் சேஃப்டி வால்வு திறந்து, சுவருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் செம்புக் குழாய் வழியாகத் தண்ணீரை வெளியேற்றும். அதனால் வெளியே போய் அந்தக் குழாயின் வாயையும் கீழே தரையையும் பாருங்கள்.

அங்கே ஈரம் இருந்தால் இரண்டு காரணங்களைச் சந்தேகிக்கலாம். ஒன்று, பிரஷர் ஏற்ற நீங்கள் திறக்கிற அந்தக் குழாய், அதாவது ஃபில்லிங் லூப், சரியாக மூடாமல் இருப்பது. இன்னொன்று, எக்ஸ்பான்ஷன் வெஸல் என்ற சின்னத் தொட்டியில் காற்று போயிருப்பது. சூடேறினால் தண்ணீர் விரியும். அதற்கு இடம் கொடுக்கத்தான் அந்த வெஸலுக்குள் ரப்பர் தடுப்புக்கு மறுபக்கம் காற்று அடைத்திருக்கிறார்கள். காற்று போய்விட்டால் சூட்டில் முள் சரசரவென்று ஏறும், வால்வு தண்ணீரை வெளியே தள்ளும், ஆறியதும் முள் அடிமட்டத்துக்கு இறங்கிவிடும். காலையில் பார்க்கிற நமக்கு "பிரஷர் குறைவு" என்பது மட்டும்தான் தெரியும்.

ஒரு தடவை ஏற்றிப் பார்ப்பதில் தப்பில்லை. தினமும் ஏற்றாதீர்கள். ஒவ்வொரு தடவையும் ஆக்ஸிஜனோடு புதுத் தண்ணீர் உள்ளே போகிறது, ரேடியேட்டர்கள் உள்ளுக்குள் துருப்பிடிக்கின்றன. சொட்டுகிற தண்ணீர் கறுப்பாகவோ பழுப்பாகவோ இருந்தால் துரு ஏற்கெனவே ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

வெள்ளை பிளாஸ்டிக் குழாயிலிருந்து சொட்டினால் கதை வேறு. அது கண்டென்சேட் குழாய், பாய்லர் புகையிலுள்ள நீராவி குளிர்ந்து உண்டாகும் தண்ணீரை வெளியேற்றுவது; அந்தத் தண்ணீரில் கொஞ்சம் அமிலம் இருக்கும். கடுங்குளிரில் வெளியே அது உறைந்து அடைத்துக்கொண்டால் பாய்லர் களகளவென்று சத்தம் போட்டு நின்றுவிடும். வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றினால் போதும். கொதிநீர் வேண்டாம், குழாய் விரிசல் விடும்.

எதுவானாலும் பாய்லரின் மூடியைக் கழற்றாதீர்கள். தெரிந்தவர் ஒருவர் குறைந்த காசுக்குச் செய்து தருவார் என்று யாராவது சொன்னாலும் வேண்டாம். கேஸ் வேலைக்குச் சட்டப்படி கேஸ் சேஃப் ரெஜிஸ்டரில் (கேஸ் எஞ்ஜினியர்களின் அதிகாரபூர்வப் பதிவேடு) பதிந்தவர்தான் வர வேண்டும். வந்ததும் கார்டைக் கேளுங்கள். அவருக்கு எந்தெந்த வேலை செய்யத் தகுதி உண்டு என்பது கார்டின் பின்பக்கம் இருக்கும்.

கேள்வி: வெளியே பார்த்தேன் அண்ணா. ஹீட்டிங் போட்டால் முள் 3 வரை போகிறது, செம்புக் குழாயிலும் சொட்டுகிறது. ஃபில்லிங் லூப் நன்றாக மூடித்தான் இருக்கிறது. ஓனரிடம் எப்படிச் சொல்வது?

பதில்: அப்படியென்றால் வெஸல்தான் என்று நினைக்கிறேன். செலவு உங்களுடையது அல்ல. இங்கிலாந்தில் 1985ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தின் 11ஆம் பிரிவுப்படி ஹீட்டிங்கையும் சுடுதண்ணீரையும் பழுது பார்த்துக் கொடுப்பது ஓனரின் கடமை. நீங்களாக உடைத்தால்தான் விஷயம் வேறு. ஆனால் தெரிந்த உடனே சொல்ல வேண்டியது உங்கள் பொறுப்பு. சொல்லாமல் விட்டு கீழ்வீட்டுக் கூரை ஊறிப்போனால் பேச்சு உங்கள் பக்கம் திரும்பும்.

போனில் சொன்னாலும் ஈமெயில் கட்டாயம் அனுப்புங்கள். ஆறியிருக்கும்போது ஒன்று, சூட்டில் ஒன்று என்று கேஜை இரண்டு படம் எடுத்து, வெளிக்குழாய் சொட்டும் வீடியோவோடு, எந்தத் தேதியிலிருந்து என்றும் எழுதுங்கள். வீட்டில் குழந்தையோ வயதானவர்களோ இருந்தால் அதையும் சேருங்கள். வருடாந்திர கேஸ் சேஃப்டி சான்றிதழின் நகல் கைக்கு வரவில்லையென்றால் அதே ஈமெயிலில் கேட்டுவிடுங்கள், அது உங்கள் உரிமை.

எஞ்ஜினியர் வரும்போது வெஸலோடு சேஃப்டி வால்வையும் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு தடவை திறந்த வால்வில் துரு சிக்கி, அப்புறம் சரியாக மூடாமல் போவது உண்டு. வெஸலை மட்டும் சரிசெய்துவிட்டுப் போனால் வெளியே சொட்டுவது நிற்காமல் போகலாம்.