கனடாவுல பட்டன் ஸ்டார்ட் வண்டி வாங்கியிருக்கற நம்மூர்க்காரங்களுக்கு: களவு போகாம என்ன போடோணும்?

கேள்வி: ஏனுங்ணா, ஈரோட்டுல இருந்து ஒண்டாரியோ மாகாணத்து பிராம்ப்டன் ஊருக்கு வந்து மூணு மாசம் ஆச்சுங்க. டொயோட்டா ராவ் 4, பட்டன் ஸ்டார்ட். ராத்திரி டிரைவ்வேயிலதான் நிக்குது. ஊர்ல கியர் லாக் போட்டாப் போதும். இங்க என்னதானுங்க போடோணும்?

பதில்: தம்பி, எந்தக் கருவி வாங்கறதுன்னு பார்க்கறதுக்கு முன்னால, இங்க வண்டி எப்படிக் களவு போகுதுன்னு தெரிஞ்சுக்கோங்க. ஒவ்வொரு கருவியும் ஒரு வழியைத்தான் அடைக்கும்.

முதல் வழி சாவி அலை. சாவி ஊட்டுக்குள்ள மேசை மேல கெடக்கும். ஒருத்தன் ஒரு பொட்டியோட வாசக்கதவோரம் நிப்பான், இன்னொருத்தன் வண்டிகிட்ட. வண்டி சாவியைத் தேடி அனுப்பற அலையை அந்தப் பொட்டி ஊட்டுக்குள்ள கடத்தும். வண்டி பக்கத்துலயே இருக்கறதா நெனச்சு சாவி பதில் குடுத்துரும். கண்ணாடி ஒடையாது, அலாரம் அடிக்காது. இதுக்கு ஃபாரடே பை, அதாவது சாவியோட அலையை வெளிய விடாத உலோகத்துணி வெச்ச பை. மாத்துச் சாவிக்கும் சேர்த்து ரெண்டு வாங்கோணும், நெறையப் பேர் விடறது அதுலதான். டொயோட்டா ஸ்மார்ட் சாவில ஒரு வசதி உண்டு: பூட்டற பட்டனை அமுக்கிப் புடிச்சுட்டே தொறக்கற பட்டனை ரெண்டு தடவ தட்டுங்க. சின்ன லைட்டு நாலு தடவ மின்னுச்சுன்னா சாவி தூங்கீருச்சுன்னு அர்த்தம். காலைல எந்தப் பட்டனை அமுக்குனாலும் முழிச்சுக்கும்.

ரெண்டாவது ஸ்டீயரிங்குக்குக் கீழ இருக்கற ஓபிடி போர்ட், மெக்கானிக் வண்டியைச் சோதிக்கக் கருவி சொருகற எடம். உள்ள பூந்ததும் அதுல கருவியைச் சொருகி வெத்துச் சாவில புதுசா எழுதிக்குவாங்க. 2007 செப்டம்பர் 1-ல இருந்து கனடாவுல விக்கற புது வண்டிக்கெல்லாம் இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லாம இஞ்சினைக் கெளப்ப விடாத கருவி) கட்டாயந்தான், ஆனா இந்த வழில அதைத் தாண்டிர்றாங்க. போர்ட்டு மேல இரும்புப் பூட்டு போடலாம். சர்வீசுக்கு விடறப்ப அதோட சாவியை மறந்துராதீங்க.

மூணாவதுதான் உங்க வண்டிக்கு முக்கியம். முன்சக்கரத்துக்கு மேல இருக்கற பிளாஸ்டிக்கை இழுத்து, ஹெட்லைட் ஒயரைக் கழட்டி, அந்த வழியாவே, வண்டிக்குள்ள இருக்கற கம்ப்யூட்டர்க ஒண்ணோட ஒண்ணு பேசிக்கற கேன் ஒயர்ல பொய்ச் செய்தி அனுப்பறது. 2022-ல இங்கிலாந்து லண்டன்ல ஒரு ராவ் 4 இப்படிப் போனதை ஆராஞ்சுதான் இந்த வழி வெளிய தெரிஞ்சுது. இதுல சாவியே தேவையில்லீங்க, பையும் போர்ட் பூட்டும் சும்மா நிக்கும். முன்பக்க பிளாஸ்டிக் காரணமில்லாம தொங்குனா, யாரோ ஆழம் பார்த்துட்டுப் போயிருக்காங்கன்னு எடுத்துக்கோங்க.

அதனால காசு போடறதுன்னா முதல்ல பின் நெம்பர் கேக்கற தனி இம்மொபிலைசருக்குப் போடுங்க. ஸ்டீயரிங் பட்டன்களை நீங்க வெச்ச வரிசைல அமுக்குனாத்தான் வண்டி நகரும். மாட்டறவர்கிட்ட நாலு விஷயம் கேளுங்க: பின் மறந்தா உதவற அவசரக் குறியீட்டு அட்டை கைல வருதா, சர்வீசுக்கு விடறப்ப பின் கேக்காம இருக்க சர்வீஸ் மோடு இருக்குதா, ஒயரை வெட்டறாங்களா, வாரண்டிக்கு எழுதிக் குடுப்பாங்களா. அட்டையை ஊட்டுலயே வெயிங்க. கருவி பேர் போட்ட ஸ்டிக்கரைக் கண்ணாடில ஒட்ட விடாதீங்க, எதைத் தேடோணும்னு நாமளே சொல்லிக் குடுத்த மாதிரி ஆயிரும்.

இன்னொரு பதில்: அண்ணா சொன்னது சரிங்க. அதுக்காக ஸ்டீயரிங் பூட்டை வேண்டாம்னு தள்ளாதீங்க. கம்பிப் பூட்டுல பெரும்பாலும் பூட்டை ஒடைக்கறதில்ல, ஸ்டீயரிங் வளையத்தை ரம்பத்துல அறுத்துட்டுப் பூட்டை உருவிக்குவாங்க. வளையம் முழுக்க மூடற தட்டுப் பூட்டுல அது சுலபமில்ல. குளிர்காலத்துல பூட்டு எறுகுனா எண்ணெய் விடாதீங்க, கெட்டியாயிரும். கிராஃபைட் தூள் போதும்.

ஏர்டேக் (எடத்தைக் காட்டற ஆப்பிள் கம்பெனியோட சின்ன வில்லை) வண்டியைக் காப்பாத்தாது, எங்க இருக்குதுன்னு மட்டும் சொல்லும். கூட வர்ற தெரியாத டேகைப் பத்தி திருடனோட போனுக்கே சேதி போயிரும், சித்தெ நேரத்துல தேடி எறிஞ்சுருவான். அதனால அவன் ஏமாறட்டும்னு ஒண்ணைச் சுலபமாக் கெடைக்கற எடத்துலயும், இன்னொண்ணை சீட்டுத் துணிக்குள்ளயும் வெயிங்க. தகரத்துக்கு நடுவுல வெச்சா அலை வராது. சிஆர்2032 பேட்டரியை வருசத்துக்கு ஒருக்கா மாத்துங்க. களவு போற வண்டிக கன்டெயினர்ல ஏறி மான்ட்ரியால் துறைமுகம் வழியா வெளிநாடு போறது எச்சு, அதனால முதல் சில மணி நேரந்தான் கணக்கு. டேக் காட்டற எடத்துக்கு நீங்களே போயராதீங்க சாமி, போலீசுகிட்ட எடத்தையும் விஐஎன் நெம்பரையும் (வண்டியோட அடையாள எண்) குடுங்க.

ஒண்டாரியோவுல கட்டாய இன்சூரன்ஸ்ல களவு சேராது. களவையும் சேர்க்கற காம்ப்ரிஹென்சிவ் இல்லாட்டி ஆல் பெரில்ஸ் எடுத்திருக்கீங்களான்னு பாருங்க. புது வண்டின்னா ஓபிசிஎஃப் 43-ங்கற கூடுதல் இன்சூரன்ஸ் பிரிவைக் கேளுங்க, தேய்மானம் கழிக்க மாட்டாங்க. ஓபிசிஎஃப் 20 இருந்தா மாத்து வண்டிக்கு வாடகை வரும். கராஜ் ரிமோட்டை வண்டிக்குள்ள விடாதீங்க, வண்டியோட ஊட்டுக்கதவும் போயிரும்.

கேள்வி: ரொம்ப நன்றிங்க. ஃபாரடே பைக்குப் பதிலா அம்மா குடுத்து விட்ட எவர்சில்வர் டப்பால சாவியைப் போட்டா ஆகாதுங்களா?

பதில்: டப்பாவைப் பொறுத்ததுங்க, மூடில சின்னச் சந்து இருந்தாலும் நம்ப முடியாது. சோதிச்சுருங்க. மாத்துச் சாவியை ஊட்டுக்குள்ள தூரமா வெச்சுட்டு, மத்ததை டப்பால போட்டு மூடி, டப்பாவோட பூட்டுன வண்டிகிட்டப் போய்க் கதவுப் புடியைத் தொடுங்க. தொறக்கக் கூடாது. அப்பறம் சாவியை வெளிய எடுத்துக் கதவைத் தொறந்து உக்காந்து, மறுபடி டப்பால போட்டு மூடி, பிரேக்கை மிதிச்சு பட்டனை அமுக்குங்க. சாவி இல்லைன்னு சொல்லோணும். வாங்கற பையையும் இப்படியே மாசம் ஒருக்கா சோதியுங்க, மடிப்புல உள்துணி கிழிஞ்சா வெளிய தெரியாது.