ஸ்ட்ரீட் கிளைடில் ஸ்பீக்கர் மாற்றணும்: எதைப் பார்த்து வாங்குவது?

வண்டி ஹார்லி ஸ்ட்ரீட் கிளைடு. 100 கி.மீ. வேகத்தில் வால்யூமைப் பாதிக்கு மேல் வைத்தால் பாட்டு கரகரக்குது. ஃபேரிங்கில் (ஹேண்டிலுக்கு முன்னால் உள்ள காற்றுத்தடுப்பு மூடி) இருக்கும் ஸ்பீக்கர் இரண்டையும் மாற்றலாம்னு இருக்கேன். பெட்டியில் 300 வாட்ஸ் போட்டது ஒன்று கிடைக்குது. வாங்கலாமா? தனி ஆம்ப் (ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர்) கட்டாயமா?

பதில்:
300 வாட்ஸ் என்பது பெரும்பாலும் பீக் கணக்கு (ஒரு கணம் மட்டும் தாங்கும் உச்ச பவர்), அதை விட்டுடுங்க. ஆர்எம்எஸ் (தொடர்ந்து தாங்கும் பவர்), ஓம் (மின்தடை), சென்சிட்டிவிட்டி (ஒரே பவருக்கு எவ்வளவு சத்தம் தரும் என்பது) இந்த மூன்றையும் பாருங்க. முதலில் பழைய ஸ்பீக்கரின் ஒயரைக் கழற்றி மல்டிமீட்டரை ஓமில் வைத்து ஸ்பீக்கர் முனைகளைத் தொடுங்க. 3.2 முதல் 3.6 வரை காட்டினால் 4 ஓம், 1.6 முதல் 1.8 என்றால் 2 ஓம். 2 ஓம் இருந்த இடத்தில் 4 ஓம் போட்டால் ஹெட் யூனிட் (வண்டியோடு வரும் மியூசிக் சிஸ்டம்) ஏறக்குறைய பாதி பவர்தான் தரும், புதுசு பழசைவிடச் சன்னமா கேட்கும். 4 ஓமுக்கான யூனிட்டில் 2 ஓம் மாட்டினால் சூடேறி அடிக்கடி கட் ஆகும், எரியவும் வாய்ப்பு உண்டு. சென்சிட்டிவிட்டி 3 டெசிபல் கூடினால் பவரை இரட்டிப்பாக்கியதற்குச் சமம். ஆம்ப் இல்லாமல் ஓட்ட 93 டெசிபலாவது வேணும்.

அப்புறம் ஸ்பீக்கரின் கோனை (முன்னால் அதிரும் கூம்பு) நாலு பக்கமும் சமமா, மெதுவா அழுத்துங்க. உரசினால் உள்ளே இருக்கும் கம்பிச் சுருள் (காயில்) போச்சு. உரசாவிட்டால் ஹெட் யூனிட்தான் க்ளிப் ஆகுது, அதாவது அதன் பவர் போதாமல் ஒலி அலையின் உச்சி வெட்டுப்படுது.

கேட்டவர்:
3.4 காட்டுது. உரசல் இல்லை.

பதில்:
அப்போ 4 ஓம் ஸ்பீக்கரோடு ஆம்பும் வேணும். 4 ஓமில் 75 வாட்ஸ் ஆர்எம்எஸ், இரண்டு சேனல், கிளாஸ் டி (குறைவாகச் சூடாகும் ஆம்ப் வகை) போதும். முழு லோடில் 14 ஆம்பியர் இழுக்கும். 4 சதுர மி.மீ. சுத்தமான செம்பு ஒயர், பேட்டரிக்குப் பக்கத்திலேயே 20 ஆம்பியர் ஃப்யூஸ். அலுமினியத்தில் செம்பு பூசிய ஒயர் அதிர்வில் முறியும், வேண்டாம்.

கெய்ன் (ஆம்ப் எவ்வளவு பெருக்கணும் என்ற அளவு) வைக்க: ஸ்பீக்கரைக் கழற்றி, ஆம்பின் ஃபில்டரை ஆஃப் பண்ணி, 400 ஹெர்ட்ஸ் டோன் போட்டு, ஹெட் யூனிட்டைக் கரகரக்காத உச்ச வால்யூமில் (உங்களுக்கு ஏறக்குறைய பாதி) வையுங்க. கெய்னை மெல்லக் கூட்டி, ஆம்ப் அவுட்புட்டில் ஏசி 17 வோல்ட் வந்ததும் நிறுத்துங்க. பிறகு ஸ்பீக்கரை மாட்டி, 100 ஹெர்ட்ஸில் ஹை பாஸ் (அதற்குக் கீழான ஒலியைத் தடுக்கும் ஃபில்டர்) வையுங்க. அந்த வேகத்தில் அதற்குக் கீழுள்ள பேஸைக் காற்று முழுங்கிடும், கோனுக்குத்தான் வீண் அடி.

இன்னொரு பதில்:
ஹார்லியின் இன்னொரு மாடலான ரோடு கிளைடு மாதிரி இல்லை, இதில் ஃபேரிங் ஹேண்டிலோடு சேர்ந்து திரும்பும். ஒயரைக் கட்டும் முன் ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பாருங்க, எங்கும் இழுபடக் கூடாது. ஒரு ஸ்பீக்கரில் மட்டும் பிளஸ் மைனஸ் மாறியிருந்தால் பேஸ் காணாமல் போகும். 1.5 வோல்ட் பேட்டரியின் பிளஸை ஸ்பீக்கர் பிளஸிலும் மைனஸை மைனஸிலும் ஒரு நொடி தொட்டால் இரண்டு கோனும் வெளியே தள்ளணும்.