புதுப்பிப்பு: அக்குள் நாற்றம், ஆறு வாரங்களுக்குப் பிறகு

இரண்டு வேளை குளித்தும், டியோடரண்டை மாற்றி மாற்றிப் பயன்படுத்தியும் மதியத்திற்குள் அக்குளில் நாற்றம் வந்துவிடுகிறது என்று முன்பு எழுதியிருந்தேன். இப்போது அது பெருமளவு அடங்கிவிட்டதால், எது பலன் தந்தது என்பதைப் பதிவு செய்கிறேன்.

வியர்வையே நாறுகிறது என்று நினைத்ததுதான் என் முதல் தவறு. அக்குளில் சுரக்கும் வியர்வைக்குத் தனியே வாடை கிடையாது. தோலில் வாழும் கோரினிபாக்டீரியம் போன்ற நுண்ணுயிரிகள் அதைச் சிதைக்கும்போதுதான் நாற்றம் எழுகிறது. ஆகவே மணத்தைப் பூசி மறைப்பதை விட்டுவிட்டு, தோல் மருத்துவர் சொன்னபடி, பருக்களுக்குப் பயன்படும் 5 சதவீத பென்சாயில் பெராக்சைடு வாஷை அக்குளில் தடவி, இரண்டு நிமிடம் விட்டுக் கழுவத் தொடங்கினேன். முதல் வாரத்திலேயே வித்தியாசம் தெரிந்தது. ஆனால் அது துணியை வெளுத்துவிடும்: என் கருநீலத் துண்டின் ஓரத்தில் ஆரஞ்சு நிறத்தில் உள்ளங்கை அளவுக்கு ஒரு திட்டு விழுந்துவிட்டது. இப்போது வெள்ளைத் துண்டுதான்.

அலுமினிய உப்பு கலந்த வியர்வைத் தடுப்பானைக் காலையில் அவசரமாக ஈரத்தோலில் பூசிவந்ததும் வீண்வேலையே. இரவில், வியர்வை குறைந்திருக்கும்போது, நன்கு உலர்ந்த தோலில் பூசினால்தான் அது சுரப்பிகளின் வாயைச் சரியாக அடைக்கிறது.

பலர் பரிந்துரைத்த சமையல் சோடா எரிச்சலையும் சிவந்த தடிப்பையும் மட்டுமே தந்தது. இயல்பாகவே சற்று அமிலத்தன்மை கொண்ட தோலுக்கு அதன் காரத்தன்மை ஒத்துக்கொள்வதில்லை.

மிச்சமிருந்த நாற்றம் என்னிடம் இல்லை, சட்டையில் இருந்தது. துவைத்து உலர்த்திய பாலியெஸ்டர் சட்டையை முகர்ந்தால் ஒன்றும் தெரியாது. அணிந்து உடல் சூடேறிய பத்தாவது நிமிடத்தில் பழைய வாடை கிளம்பும். அவற்றில் இரண்டைக் கழித்துவிட்டுப் பருத்திக்கு மாறிவிட்டேன்.