முகத்தைப் பார்க்க முடியுமா என்று முதலிலேயே கேளுங்கள்

என் அக்காவின் கணவர் கத்தாரில் வேலை செய்துகொண்டிருந்தபோது, உறக்கத்திலேயே மாரடைப்பு வந்து காலமானார். செய்தி யாழ்ப்பாணத்தில் கொக்குவிலுக்கு வந்ததும் அக்கா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "தம்பி, இவற்ர முகத்தை ஒருக்கா எண்டாலும் பாக்கலாமோ?" இந்த நிலைக்கு ஆளாகும் குடும்பங்கள் பெரும்பாலும் செலவைப் பற்றியும் விமானத்தைப் பற்றியும்தான் முதலில் விசாரிக்கின்றன. முகம் காட்டக்கூடிய நிலையில் பூதவுடல் வருமா என்பதை ஆரம்பத்திலேயே கேட்டுத் தெரிந்துகொள்வது அவற்றைவிட முக்கியம் என்று இப்போது உறுதியாக நம்புகிறேன். ஏனெனில் காலதாமதமானாலும், அங்கே உடலைப் பதப்படுத்துவதில் குறை நேர்ந்தாலும், அது முகத்தில்தான் தெரியும்.

தாமதம் பெரும்பாலும் கடிதங்களால் வருகிறது. அங்கே வைத்தியசாலை அறிக்கை, பொலிஸ் அனுமதி, மரணச் சான்றிதழ், பதப்படுத்தியதற்கான சான்றிதழ், எமது தூதரகத்தின் ஆட்சேபனையின்மைக் கடிதம், கடவுச்சீட்டு இரத்து என்று ஒன்று முடிந்தால்தான் அடுத்தது நகரும். இங்கே, பூதவுடலை ஊருக்கு அனுப்புவதா, அங்கேயே அடக்கம் செய்வதா என்பதை மனைவி கையெழுத்திட்டு அறிவிக்க வேண்டும். விவாகச் சான்றிதழையும் அடையாள அட்டைப் பிரதியையும் கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்திலும் உறுதிப்படுத்தி, யாழ்ப்பாணம் கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) உள்ள வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் அலுவலகத்தில் கொடுத்தோம். அதற்காகக் கொழும்புக்கு அலைய வேண்டியிருக்கவில்லை. இந்தக் கடிதங்கள் அடங்கிய கோவையை ஒருவரே கையில் வைத்திருக்க வேண்டும். பெரியப்பா ஒரு பக்கமும் நண்பர்கள் இன்னொரு பக்கமுமாகத் தூதரகத்துக்குத் தொலைபேசி எடுத்தால், சொன்னதையே எல்லோருக்கும் திரும்பச் சொல்லிக்கொண்டிருப்பதில் அவர்களுடைய நேரமும் போய்விடும்.

செலவைப் பொறுத்தவரை, கத்தாரின் 2004ஆம் ஆண்டுத் தொழிற் சட்டத்தின்படி, உரித்தாளர்கள் கேட்டுக்கொண்டால் தொழிலாளியின் உடலைச் சொந்த நாட்டுக்கு அனுப்பும் செலவை வேலை கொடுத்தவர் ஏற்க வேண்டும். அத்தான் இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்துவிட்டுப் போயிருந்ததால் காப்புறுதியும் இருந்தது. பதிவு காலாவதியான பிறகும் அங்கே இருப்பவர்கள் அதைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டுமென்று இருகரம் கூப்பிக் கேட்கிறேன்.

விமானச் சரக்குச் சீட்டின் இலக்கம் கைக்கு வரும்வரை நாங்கள் ஈமக்கிரியைக்கு நாள் குறிக்கவில்லை. கட்டுநாயக்கா விமான நிலையத்தில் பெட்டியைப் பொறுப்பேற்பது சரக்குப் பிரிவில்தான். அங்கே போகிறவர் இறந்தவருக்கு என்ன உறவென்று காட்டும் பத்திரத்துடன் போக வேண்டும். அங்கிருந்து ஊருக்கு, புத்தளம், அநுராதபுரம், வவுனியா வழியாக 350 கிலோமீற்றருக்கும் மேற்பட்ட பயணம். அத்தான் விடுமுறையில் வரும்போதெல்லாம் ஆனையிறவு தாண்டியதும் அக்காவுக்குத் தொலைபேசி எடுப்பார் என்பதை அறிந்திருந்த நான், அந்த இடத்தைக் கடந்தபோது வாகனத்தில் வாய்விட்டு அழுதேன்.

வீட்டுக்குக் கொண்டுபோவதற்கு முன் மலர்ச்சாலையில் பெட்டியைத் திறப்பித்தோம். வெளியே மரம், உள்ளே காற்றுப் புகாதபடி பற்றவைத்த உலோகத் தகடு. அதை வெட்டித்தான் எடுக்க வேண்டும். பெண்களும் பிள்ளைகளும் நிற்கும் முற்றத்தில் செய்யத்தக்க வேலை அல்ல அது. நிறம் சற்றுக் கறுத்திருந்ததே தவிர முகம் அத்தானுடைய முகமாகவே இருந்தது. மலர்ச்சாலைக்காரர் சவரம் செய்து, வேட்டி சால்வை உடுத்தி, வேறொரு மரப்பெட்டிக்கு மாற்றித் தந்தார். தகடு அடித்த பெட்டியை அப்படியே சிதையில் வைக்க முடியாது என்பதால் இந்த இரண்டாவது பெட்டிக்கும் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். பதப்படுத்திய உடலைக் குளிப்பாட்ட இயலாதென்று மாமி மனம் வருந்தினார்; எண்ணெயும் அரப்பும் தொட்டு வைத்து நீர் தெளித்தால் போதுமென்று ஐயர் சொன்ன பிறகே அவர் அமைதியடைந்தார். அக்கா முகத்தைப் பார்த்தார், வாய்க்கரிசியும் போட்டார்.

மரணத்தின் காரணத்தில் சிறிதளவேனும் சந்தேகம் இருந்தால், தகனத்துக்கு முன்பே பொலிஸில் தெரிவித்துச் சட்ட வைத்திய அதிகாரியின் பரிசோதனையைக் கோர வேண்டும். தீ மூட்டிய பிறகு எந்த விசாரணைக்கும் உடல் கிடையாது. எமது அயலில் ஒருவரின் மகன் இலண்டனில் இறந்தபோது, அங்குள்ள மரண விசாரணை அதிகாரிக்கு அறிவித்து அனுமதி பெற்ற பின்பே உடலை நாட்டைவிட்டு எடுக்க முடிந்தது. காத்திருக்க இயலாமல் அங்கேயே தகனம் செய்து, கீரிமலையில் கரைப்பதற்கு அஸ்தியை மட்டும் கொண்டுவரும் குடும்பங்களும் உண்டு. அவர்களுடைய அன்பில் குறை காண எவருக்கும் உரிமை இல்லை.

எல்லாம் முடிந்த பிறகும் நிலுவைச் சம்பளமும் பணிக்கொடையும் வர வேண்டியிருக்கும். "எல்லாம் பெற்றுக்கொண்டோம்" என்ற வாசகம் உள்ள எந்தத் தாளிலும், கணக்கைத் தூதரகத்தின் மூலம் சரிபார்க்காமல் கையெழுத்திட வேண்டாம். அரபு மொழியிலுள்ள மரணச் சான்றிதழின் மூலப்பிரதியையும், அதன் உறுதிப்படுத்தப்பட்ட மொழிபெயர்ப்பையும், வங்கிக்கும் காப்புறுதிக்கும் காணிக்கும் பிள்ளைகளின் பாடசாலைக்கும் தனித்தனியாகக் கொடுக்கப் போதுமான பிரதிகளையும் தொடக்கத்திலேயே எடுத்து வையுங்கள்.