அங்கன்வாடி முதல் பிஎச்.டி. வரை ஒரே ஆணையம் வேண்டுமா?

தேனி ஹெச்.எம்.

எங்கள் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப்பள்ளி வளாகத்திலேயே அங்கன்வாடி மையமும் இருக்கிறது. நடுவில் இடுப்பளவு சுவர். அந்தப் பக்கம் சமூக நலத்துறை, இந்தப் பக்கம் பள்ளிக் கல்வித்துறை. மூன்று வருஷம் அந்தப் பக்கம் இருந்த ஒரு பையன் போன ஜூனில் எங்களிடம் ஒன்றாம் வகுப்புக்கு வந்தான். கூப்பிட்டால் திரும்ப மாட்டான். வகுப்பு ஆசிரியை மாறுதலில் புதிதாக வந்தவர். பையன் கொஞ்சம் மந்தம் போலிருக்கிறது என்று நினைத்து, உயரத்தைப் பார்த்துக் கடைசி வரிசையில் உட்கார வைத்துவிட்டார். செப்டம்பரில் வேறு ஏதோ விஷயமாக அங்கன்வாடி ஊழியரிடம் பேசிக்கொண்டிருந்தேன். பேச்சோடு பேச்சாக அவர் கேட்டார்: "அவனை முன்னாடி உட்கார வைச்சிருக்கீங்களா சார்? இடது காது கேக்காதே அவனுக்கு."

மூன்று மாதம் போய்விட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் ஆயா வரைக்கும் தெரிந்த விஷயம், இந்தப் பக்கம் ஒருத்தருக்கும் தெரியாது. சொல்ல வேண்டியது யார் வேலை என்று எந்த விதியிலும் இல்லை.

இதே கதை மேலேயும் நடக்கிறது. பி.எட். உயர்கல்வித் துறையில், தொடக்கக் கல்வி ஆசிரியர் பட்டயம் பள்ளிக் கல்வியில், ஐ.டி.ஐ. தொழிலாளர் நலத்துறையில், மருத்துவம் சுகாதாரத்தில், வேளாண்மைப் பல்கலைக்கழகம் வேளாண்துறையில். 2022-ல் நீதிபதி முருகேசன் தலைமையில் மாநிலக் கல்விக் கொள்கைக் குழு அமைத்தார்கள். 2025 ஆகஸ்ட் 8-ல் வெளியானது பள்ளிக் கல்விக்கான பகுதி மட்டும்தான். கொள்கையே +2 வாசலில் நின்றுவிடுகிறது.

மூன்று வயதிலிருந்து ஆராய்ச்சிப் படிப்பு வரை ஒரே ஆணையம், சட்டம் போட்டு அமைக்க வேண்டும் என்பது என் கருத்து. துறைகள் இருக்கட்டும். ஆனால் ஒரு பிள்ளை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறும்போது பதில் சொல்ல ஓர் ஆள் வேண்டும். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

பாலாற்றங்கரை

அந்தப் பையன் விஷயம் மனதைப் பிசைகிறது சார். ஆனால் நீங்கள் சொல்லும் மருந்தை நான் ஏற்கவில்லை.

நான் அரசு கலைக் கல்லூரியில் வேதியியல் நடத்துகிறேன், இருபத்தோரு வருஷமாக. ஒருங்கிணைப்பு என்ற பெயரில் வந்ததெல்லாம் அதிகாரம் ஒரே நாற்காலியில் சேர்ந்ததாகத்தான் முடிந்திருக்கிறது. உங்கள் துறையையே எடுத்துக்கொள்ளுங்கள். 2018-ல் அரசாணை 101. தொடக்கக் கல்விக்கென்று தனியாக இருந்த மாவட்ட அலுவலர் பதவியை எடுத்துவிட்டு, எல்லா வகைப் பள்ளிகளையும் ஒரே மாவட்டக் கல்வி அலுவலரின் கீழ் கொண்டுவந்தார்கள். நான்கே வருஷம். 2022-ல் அரசாணை 151 போட்டுத் தொடக்கக் கல்விக்குத் தனி, இடைநிலைக்குத் தனி, தனியார் பள்ளிக்குத் தனி என்று மறுபடி பிரித்தார்கள். நடுவில் 2021-ல் பள்ளிக் கல்வி இயக்குநர் பதவியை ஒதுக்கிவிட்டு ஆணையரை உட்கார வைத்தார்கள். ஆசிரியர் சங்கங்கள் இரண்டு வருஷம் போராடி, 2023-ல் இயக்குநர் திரும்ப வந்தார்.

எங்கள் பக்கம் உயர்கல்வி மன்றம் 1992-லிருந்தே இருக்கிறது. 2023-ல் மாநிலம் முழுக்கப் பொதுப் பாடத்திட்டம் கொண்டுவந்தபோது தன்னாட்சிக் கல்லூரிகளும் ஆசிரியர் சங்கங்களும் எவ்வளவு எதிர்த்தன என்று நினைவிருக்கும். பல்கலைக்கழகம் என்பதே தன் பாடத்தைத் தானே தீர்மானிக்கும் இடம். அதை அங்கன்வாடியோடு ஒரே சங்கிலியில் கட்டினால், யார் இழுத்தாலும் இரண்டும் சேர்ந்து விழும்.

முதல் தலைமுறை

ஐயா, நான் இந்தச் சங்கிலியின் எல்லாக் கண்ணியையும் தாண்டி வந்தவள். அரசுப் பள்ளி, தமிழ் வழி. புதிய +2 புத்தகத்தில் முதன்முதலாகத் தேர்வு எழுதிய 2020 அணி. இப்போது வேதியியலில் ஆராய்ச்சி மாணவி.

பி.எஸ்சி. முதல் வருஷத்தில் பாதி நாள் கைப்பேசியில்தான் வகுப்பு. பேராசிரியர் 'கேட்டலிஸ்ட்' 'கேட்டலிஸ்ட்' என்று நடத்திக்கொண்டே போவார். எனக்கு அது ஏதோ புதுப் பொருள் என்றுதான் எண்ணம். பள்ளியில் படித்த வினைவேக மாற்றிதான் அது என்று பிடிபடவே பல வாரம் ஆனது. ஆங்கிலம் தெரியாத கூச்சத்தில் கேட்கவும் இல்லை. அதைவிடக் கொடுமை, முதல் பருவத்தில் நடத்தியதில் பாதி +2-வில் ஏற்கெனவே படித்தது. எங்களுக்குத் தெரியாததையும் தெரிந்ததாக எடுத்துக்கொண்டு தாண்டிப் போனார்கள். புதிய +2 புத்தகத்தை அவர்கள் பார்த்திருக்கவே இல்லை. அவர்கள் மேல் கோபம் இல்லை. பார்க்கச் சொல்ல யாரும் இல்லை.

அப்புறம் எம்.பில். சிறிய ஊர்க் கல்லூரியிலிருந்து வருகிறவர்களுக்கு ஆய்வு என்றால் என்ன என்று கைபிடித்துக் காட்டிய ஒரு வருஷம் அது. 2022 நவம்பரில் வந்த பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) விதிமுறையோடு அது போய்விட்டது. அதற்குப் பதிலாக எம்.எஸ்சி.யில் என்ன சேர்க்க வேண்டும் என்று யார் உட்கார்ந்து பேசினார்கள்? ஒரு படியை எடுத்தால் பக்கத்துப் படியின் உயரத்தை மாற்ற வேண்டாமா?

ஹெச்.எம். சாரின் ஆணையம் எனக்கு வேண்டும்.

மேற்குமலை

ஆணையம் வேண்டும் என்கிற எல்லோரிடமும் ஒரு கேள்வி. அதன் முதல் கூட்டத்தில் யாருடைய பள்ளியை இணைப்பார்கள்?

நான் ஆதிதிராவிடர் நலப் பள்ளியில் படித்து, அந்தத் துறை விடுதியில் சாப்பிட்டு வளர்ந்தவன். 2023-24 நிதிநிலை அறிக்கையில் ஆதிதிராவிடர் நலம், பிற்படுத்தப்பட்டோர் நலம், அறநிலையத்துறை, வனத்துறை என்று எல்லாத் துறைப் பள்ளிகளையும் பள்ளிக் கல்வித்துறையின் கீழ் கொண்டுவரப் போவதாக அறிவித்தார்கள். உடனே எதிர்ப்பு வந்தது. மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கம் கள்ளர் சமூகத்துக்கென்று தொடங்கிய கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளுக்காகவும் குரல் எழுந்தது, எங்கள் பள்ளிகளுக்காகவும் எழுந்தது. இரண்டு தரப்பும் ஒரே பக்கம் நின்ற அபூர்வமான நேரம் அது.

எங்கள் பள்ளியைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள முடியாது. பத்தாம் வகுப்பில் எனக்குக் கணக்கு ஆசிரியரே இல்லை. இரண்டு கிலோமீட்டர் தள்ளியிருந்த அரசுப் பள்ளியில் இரண்டு பேர் இருந்தார்கள். வேறு துறை என்பதால் வாரத்துக்கு இரண்டு நாள்கூட அனுப்பவில்லை. ஆகவே, துறைச் சுவரின் வலி எனக்கும் தெரியும் ஹெச்.எம். சார்.

இருந்தாலும் அந்தப் பள்ளியும் விடுதியும் நிலமும் எங்களுக்கென்று ஒதுக்கிய பணத்தில் வந்தவை. பெரிய துறையில் கரைந்த பிறகு, மாணவர் எண்ணிக்கை குறைவு என்று முதலில் மூடப்படுவது எங்களுடையதாகத்தான் இருக்கும். கணக்கு ஆசிரியரை அனுப்புங்கள். பெயர்ப்பலகையில் கை வைக்காதீர்கள்.

தம்பா தமிழ்

வேலை விஷயமாக ஃபுளோரிடாவில் பதினாறு வருஷமாக இருக்கிறேன். இங்கே இதைச் செய்தே பார்த்துவிட்டார்கள் என்பதால் சொல்கிறேன்.

பல்கலைக்கழகங்களுக்கென்று இருந்த நிர்வாகக் குழுவை 2001-ல் கலைத்துவிட்டு, மழலையர் வகுப்பு முதல் முதுநிலைப் படிப்பு வரை ஒரே கல்வி வாரியத்தின் கீழ் கொண்டுவந்தார்கள். அப்போது செனட்டராக இருந்த முன்னாள் மாநில ஆளுநர் பாப் கிரஹாம், அரசியல் தலையீட்டுக்குக் கதவு திறந்துவிட்டது என்று மக்களிடம் போனார். 2002 நவம்பரில் வாக்கெடுப்பு. பல்கலைக்கழகங்களுக்குத் தனி நிர்வாகக் குழு என்பதை மாநில அரசியல் சாசனத்திலேயே எழுதிவிட்டார்கள். பேராசிரியர் ஐயா சொல்வது சரியென்று இதுவரை தோன்றும்.

ஆனால் இன்னொன்று இருக்கிறது. அந்த வாரியம் வருவதற்குப் பல பத்தாண்டு முன்பே இங்கே எல்லா அரசுக் கல்லூரிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் பாட எண் ஒன்றுதான். இரண்டு வருஷக் கல்லூரியில் ஒரு பாடத்தைத் தேறினால், பல்கலைக்கழகத்தில் அதே எண்ணுள்ள பாடத்துக்கு அந்தத் தேர்ச்சியை ஏற்றுக்கொண்டே ஆகவேண்டும். இரண்டு வருஷப் பட்டம் முடித்தவருக்கு ஏதாவது ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருஷ இடம் உறுதி. என் மகள் அப்படித்தான் போனாள். அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்க வேண்டியிருக்கவில்லை. எண்ணைப் பார்த்தார்கள், சேர்த்துக்கொண்டார்கள். வாரியங்கள் வந்தன, போயின. அந்த எண் அப்படியே இருக்கிறது.

பாலாற்றங்கரை

தம்பா நண்பருக்கு நன்றி. நான் சொல்ல நினைத்தது இதுதான், உதாரணம்தான் கைவசம் இல்லை.

முதல் தலைமுறை மகளுக்கு ஒரு வார்த்தை. நீ எழுதியதை நேற்று இரவு மூன்று தடவை படித்தேனம்மா. நானும் அந்தப் புத்தகத்தைப் பார்க்காமல்தான் 2020 அணிக்கு நடத்தினேன். இன்று காலை +1, +2 வேதியியல் புத்தகங்களை வாங்கி வந்திருக்கிறேன். எங்கள் முதல் பருவத்தில் நடத்தும் அணு அமைப்பில் பெரும்பகுதி +1 புத்தகத்திலேயே இருக்கிறது. இதற்கு ஆணையம் தேவைப்படவில்லை. புத்தகக் கடைக்குப் போய்வரும் நேரம்தான்.

தேனி ஹெச்.எம்.

நீங்கள் போனீர்கள் சார். எல்லோரும் போவார்களா? நல்ல மனிதர் கிடைத்தால் பிள்ளைக்கு அதிர்ஷ்டம், கிடைக்காவிட்டால் கடைசி வரிசை என்று விட முடியாதே.

மேலிருந்து சொன்னால்தான் நடக்கும் என்பதற்கும் சான்று இருக்கிறது. 1978-ல் கல்லூரியிலிருந்த புகுமுக வகுப்பை (பி.யூ.சி.) எடுத்துவிட்டுப் பள்ளியில் +2 கொண்டுவந்தார்கள். எத்தனையோ ஊர்ப் பிள்ளைகளுக்கு நகரத்துக்குப் போகாமல் பன்னிரண்டாம் வகுப்பு கிடைத்தது அதனால்தான். பள்ளிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் நடுவே முடிவெடுக்கிற கை ஒன்று இருந்தது. 7.5 விழுக்காடு ஒதுக்கீடும் அப்படித்தான். 2020-ல் மருத்துவம், அடுத்த வருஷம் பொறியியல் முதலான படிப்புகள். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர் என்று பள்ளியில் சான்று வாங்கினால் கல்லூரி ஏற்கிறது. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் போவதும் அரசுப் பள்ளியில் படித்த விவரத்தை வைத்துத்தான். பணம் கொடுக்கத் துறைகள் பேசிக்கொள்ள முடிகிறது. காது கேட்காது என்று சொல்லிக்கொள்ள ஏன் முடியவில்லை?

அங்கன்வாடி அக்கா

எல்லாரும் படித்தவர்கள், நான் எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

2019 ஜனவரியில் நடுநிலைப்பள்ளி வளாகத்திலிருந்த 2,381 மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கினார்கள். எங்கள் மையமும் அதில் ஒன்று. இடைநிலை ஆசிரியை ஒருவரை அனுப்பினார்கள். நல்ல பிள்ளை. ஆனால் அங்கன்வாடிக்கு அனுப்பியதைப் பதவி இறக்கமாக நினைத்து அந்த ஆசிரியர்கள் நீதிமன்றம் வரை போனார்கள். எங்களுக்கோ, இத்தனை வருஷம் பாட்டும் கதையும் சொல்லிக்கொடுத்தது கணக்கில் வரவில்லையா என்ற வருத்தம். ஒரே அறையில் இரண்டு பேர், இரண்டு துறைக்கும் தனித்தனிப் பதிவேடு. 2022-ல் அந்த ஆசிரியர்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வகுப்பை நிறுத்துவதாகவும் சொன்னார்கள், எதிர்ப்பு வந்ததும் நடக்கும் என்றார்கள். பெற்றோர் என்னிடம்தான் வந்து கேட்டார்கள், "நாளைக்கு உண்டா டீச்சர்?" என்று. நான் என்ன சொல்ல?

அதனால் எங்களை யார் கீழ் கொண்டுபோவது என்ற பேச்சு வந்தாலே பயமாக இருக்கிறது. பள்ளிக் கல்வித்துறைக்குப் போனால் சத்துமாவையும் கர்ப்பிணிப் பெண்களையும் யார் பார்ப்பார்கள்? எங்களுக்கு மூன்று வயதில் பிள்ளை வருவதில்லை, அம்மா வயிற்றில் இருக்கும்போதே வந்துவிடுகிறது.

ஆனால் ஹெச்.எம். சார் சொன்ன பையனைப் போல எனக்கு ஒவ்வொரு ஜூனிலும் நாலைந்து பேர் போகிறார்கள். எடை, உயரம் எல்லாம் போஷன் டிராக்கர் என்ற அங்கன்வாடிச் செயலியில் ஏற்றுகிறேன். ஒன்றாம் வகுப்பு டீச்சர் கைக்கு அது போவதில்லை. எங்களிடம் என்ன பெயர் இருக்கிறது என்றுகூடக் கேட்காமல் பிறப்புச் சான்றிதழைப் பார்த்துப் புதிதாக எழுதிக்கொள்கிறார்கள்.

மேற்குமலை

அக்கா சொல்வதற்கும் நான் சொன்னதற்கும் வித்தியாசமே இல்லை. துறை அங்கேயே இருக்கட்டும், விவரமும் ஆசிரியரும் சுவரைத் தாண்டட்டும். அதற்கு மட்டும் சட்டம் போடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

தேனி ஹெச்.எம்.

ஆணையம் என்ற என் கோரிக்கையை இப்போதைக்கு ஒத்திவைக்கிறேன். முழுக்கக் கைவிடவில்லை, தவறினால் யாரிடம் கேட்பது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. அதுவரை எங்கள் ஒன்றியத்திலாவது ஒன்று செய்யலாம். மே மாதக் கடைசியில் அங்கன்வாடி ஊழியரும் ஒன்றாம் வகுப்பு ஆசிரியரும் ஒருநாள் உட்கார்ந்து, பிள்ளைக்கு ஒரு தாள் எழுதிக் கைமாற்ற வேண்டும். வட்டாரக் கல்வி அலுவலரிடம் நாளை பேசுகிறேன். அக்கா, அந்தத் தாளில் என்னென்ன வேண்டும்?

பாலாற்றங்கரை

தாளில் யார் கையெழுத்து என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள் சார். இரண்டு பேர் கையெழுத்தும் இருக்கட்டும். வாங்கினேன் என்று எழுதிக் கொடுத்தவர் அப்புறம் தெரியாது என்று சொல்ல முடியாது. எங்கள் முதலாமாண்டுக்கும் இதையே செய்ய நினைக்கிறேன். பக்கத்திலுள்ள நான்கு மேல்நிலைப் பள்ளிகளின் வேதியியல் ஆசிரியர்களை ஜூனில் கல்லூரிக்கு அழைக்கப் போகிறேன். முதல் தலைமுறை மகளும் வந்தால் நன்றாக இருக்கும்.

முதல் தலைமுறை

வருகிறேன் ஐயா. தமிழ், ஆங்கிலக் கலைச்சொற்களை இரண்டு வரிசையாக எழுதிக்கொண்டு வருகிறேன். முதல் பருவத்துக்கு மட்டும் நூற்றைம்பது சொல் வரும் என்று நினைக்கிறேன்.

அங்கன்வாடி அக்கா

சார், என்ன எழுதலாம் என்று கேட்டீர்களே. வீட்டில் கூப்பிடும் பெயர் முதலில். சான்றிதழ்ப் பெயரைச் சொன்னால் பாதிப் பிள்ளைகள் திரும்பாது. எந்தக் கையால் எழுதுகிறது. காது, கண், திக்கல். வலிப்பு வந்திருக்கிறதா. முட்டை ஒத்துக்கொள்ளுமா. அப்பா அம்மா வேலைக்கு வெளியூர் போனால் யாரிடம் விட்டுப் போகிறார்கள், அவர்கள் போன் நம்பர். யார் பக்கத்தில் உட்கார்ந்தால் அழாமல் இருக்கும் என்பதையும் எழுதிக் கொடுக்கிறேன், முதல் வாரத்துக்கு அது போதும்.